பூனை விளையாட்டு செய்த பெண்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் அந்தப் பெண் என் பக்கத்தில்தான் உட்காருவாள். ஒல்லியான உடம்பு, முகத்துக்குப் பெரிய கண்ணாடி. ஏறியதும், பள்ளியில் அரசாங்கம் கொடுத்த பழைய லேப்டாப்பைத் திறப்பாள். அதில் லினக்ஸ் போட்டு, விளையாட்டு செய்ய உதவும் இலவச கேம் என்ஜின் ஒன்றில், கூரைக்குக் கூரை தாவும் பூனை விளையாட்டைத் தானே செய்திருந்தாள். ஆட்டம் திக்கினால் படத்தில் நிழலைக் குறைப்பாள், மழையைக் குறைப்பாள். பூனை தடங்கலின்றி ஓடும்வரை விடமாட்டாள். அதை ஆடும் அவள் ஹாஸ்டல் பெண்களின் லேப்டாப்களும் அதே பழசுதான்.

ஒரு விளம்பரக் கம்பெனி, நல்ல பணம் தருவதாகச் சொல்லி, அந்த விளையாட்டைக் கேட்டு வந்தது. யார், எங்கிருந்து, எவ்வளவு நேரம் ஆடுகிறார்கள் என்பதைத் தங்களுக்கு அனுப்பும்படி அதை மாற்றித் தர வேண்டுமாம். அவள் மறுத்துவிட்டாள்.

"இன்னாம்மா நீ, இந்த வேலைய விட்டுட்டு அதையே பண்ணியிருக்கலாமே?" என்றேன்.

"ஃபேக்டரி லைன்ல பாத்ரூம் போனாக்கூட டைம் எழுதறாங்கக்கா. ஹாஸ்டல் வாசல்லயும் கேமரா கீது. வெளையாடறப்பவாவது எங்க பொண்ணுங்கள யாரும் பாக்க வேணாம்."

கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு லேப்டாப்பில் வேலையைத் தொடர்ந்தாள்.

பிறகு ஷிஃப்ட் மாறியதில் அவளைப் பார்க்கவே முடியவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தக் கம்பெனிக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.