முதல் சம்பளத்துத் தோடு

இஸ்திரியக்காவுக்கு இருபத்தாறு வருடமாக நின்றே பிழைப்பு. அந்தச் சட்டைக் கம்பெனியில் தைப்பவர்களுக்கு உட்கார இடம் உண்டு, தேய்ப்பவர்களுக்குக் கிடையாது. நின்று நின்று முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டுவிட்டது. சாயங்காலமானால் கால் செருப்புக்குள் நுழையாது. போன மாதம் சூப்பர்வைசர் பட்டென்று சொல்லிவிட்டான், நிற்க முடியாதவர்கள் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று. வீட்டில் ஏற்கெனவே அவள் புருஷன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். அந்த ஒற்றை அறையில் இன்னொருவர் படுக்க இடம் ஏது?

அவளுடைய முதல் சம்பளக் கதை கம்பெனியில் எல்லோருக்கும் மனப்பாடம். கல்யாணத்துக்கு முந்தி, அந்தச் சம்பளத்தை அப்படியே கொண்டுபோய்ச் சிவப்புக் கல் வைத்த தங்கத் தோடு ஒரு ஜோடி வாங்கினாள். புருஷனின் வைத்தியத்துக்குத் தோடு போனது, கதை மட்டும் மிஞ்சியது. "இப்ப என் சம்பளத்துக்குத் திருகாணிதான் வரும், தோட்டை யாருகிட்டயாவது இரவல் வாங்கிக்கணும்" என்று முடிப்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள்.

இந்த வருடம் சம்பளம் கூட்டிக் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு முன்னால் நின்றது காலர் தைக்கும் அவள் மகளேதான். "கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதையா இருக்கு நம்ம சம்பளம்" என்றாள் மகள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்றார் முதலாளி. தேய்ந்ததா வளர்ந்ததா என்று ஒரு வாரம் ஒரே வாக்குவாதம்.

முதலாளி இஸ்திரியக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதிலேயே அவள் பாதி விழுந்துவிட்டாள்.

"உன்னைப் பொய் சொல்லச் சொல்லலம்மா. சேர்ந்தப்ப எவ்வளவு, இப்ப எவ்வளவு, அதை மட்டும் நாளைக்கு எல்லார் முன்னாலயும் சொல்லு. நூல் பிசிறு வெட்டுற மேஜைக்கு உன்னை மாத்திடறேன். உட்கார்ந்தே செய்யலாம்."

மறுநாள் மிஷின்களை நிறுத்திவிட்டுக் கூடினார்கள். அவள் இரண்டு தொகையையும் சொன்னாள். பன்னிரண்டு மடங்கு. பொய் ஒரு பைசாவுக்கு இல்லை. "கேட்டீங்களா? நான் சொல்லல, உங்க அக்காவே சொல்றாங்க" என்றார் முதலாளி.

மகள் எழுந்தாள். கோபமில்லை, அடி எடுத்துக்கொடுக்கிற குரல்தான். "அம்மா, மொத சம்பளத்துல என்ன வாங்கினே? அதையும் சொல்லிடு."

தோடு என்ற ஒரு வார்த்தை போதும், பன்னிரண்டு மடங்கும் பொடிப்பொடியாகியிருக்கும். நூறு முகங்கள் அதற்காகத்தான் காத்திருந்தன. இஸ்திரியக்காவின் கை தானாகக் காதுக்குப் போனது. கால் விண்விண்ணென்று தெறித்தது. முதலாளியைப் பார்த்தாள்.

"ஞாபகமில்ல" என்றாள்.

ஒவ்வொருவராக மிஷினுக்குத் திரும்பினார்கள். சம்பள உயர்வு அத்தோடு சரி. வீட்டு வாடகைக்கு அந்த உயர்வைத்தான் மகளும் நம்பியிருந்தாள்.

மத்தியானமே நாற்காலி வந்தது. புத்தம் புதுசு. மகளுடைய மிஷினுக்கு நேர் எதிரே போட்டார்கள். உட்காரவே கூடாது என்று நினைத்தாள் இஸ்திரியக்கா. கொஞ்ச நேரம் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் காலரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

பிறகு உட்கார்ந்தாள். கால்வலி குறைந்தது. அப்படிக் குறைந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.