அவருடைய ஜிபிஎஸ் விமானம் ஏறிய நாள்

மகளுக்கு அது முதல் பிரசவம். மருமகனுக்கு மஸ்கட்டில் ஏசி மெக்கானிக் வேலை. அவள் ஊருக்கு வந்து பெற்றுக்கொள்ள டாக்டர் சம்மதிக்கவில்லை என்பதால் எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தார்கள். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம். நான் மார்த்தாண்டம் போய்ப் பிரசவ மருந்துக்கு வேண்டிய சாமான்களை வாங்கி, இடித்து, கருப்பட்டி போட்டு லேகியம் கிளறி, டப்பாக்களில் அடைத்து, துணி சுற்றிக் கட்டினேன். அவர் தன் பங்குக்கு எடுத்து வைத்தது ஒன்றுதான். கையில் பிடிக்கிற ஜிபிஎஸ். அதனோடு நாலைந்து பேட்டரி.

"இத எதுக்கு எடுக்குதிய? பிளேன் ஓட்டுறவனுக்கு வழி தெரியாதா?" என்று கேட்டேன்.

"அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாண்டாமா?" என்றார்.

அவர் ஆழ்கடலில் மீன்பிடிக்கிற விசைப்படகு, எங்கள் பேச்சில் போட்டு, ஓட்டுகிறவர். எங்கள் ஊர் தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கடற்கரை என்றாலும் போட்டு நிற்பது கொச்சியில். இங்கிருந்து வேன் பிடித்துப் போய், ஐஸும் டீசலும் அரிசியும் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போனால் மாதம் தாண்டித்தான் கரைக்கு வருவார்கள். தங்கல் என்று சொல்வோம். வேன் கிளம்பும்வரை நான் கையசைப்பேன். அதன் பிறகு அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. யாராவது கேட்டால் "கடல்ல" என்பேன். எனக்குத் தெரிந்த கடல் வீட்டுக்குப் பின்னால் அலையைத் தடுக்கக் கல் போட்டிருக்கிற இடம்வரைதான்.

திருவனந்தபுரத்தில் பெட்டிகளைச் சோதிக்கிற இடத்தில் ஜிபிஎஸ் மாட்டிக்கொண்டது. இளம் அதிகாரி ஒருவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாட்டிலைட் போனா என்று இந்தியில் கேட்டார். அந்தப் போனுக்கு அனுமதி இல்லை என்பது இவருக்குத் தெரியும். பின்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். இவர் பதறவில்லை.

"இது பேசாது சாரே. கேக்க மட்டும்தான் செய்யும்" என்றார் பாதி மலையாளத்தில்.

பக்கத்திலிருந்த வயதான அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் வாங்கிப் பார்த்தார். "கடலில் போகுன்ன ஆளாணோ?" என்று கேட்டார். இவர் தலையாட்டினார். ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்லிவிட்டு, பேட்டரியோடு திருப்பிக் கொடுத்தார்கள்.

விமானத்தில் எங்களுக்கு நடு இருக்கையும் நடைபாதை ஓர இருக்கையும் கிடைத்தன. ஜன்னலோரத்தில் எங்கள் பக்கத்துப் புதுக்கடை ஊர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். ஓமானில் நர்ஸ், லீவு முடிந்து திரும்பிப் போகிறவள். இவர் கழுத்தை நீட்டி நீட்டி ஜன்னலைப் பார்ப்பதைக் கவனித்து, "நீங்க இங்க இரிங்க அண்ணே. நான் எப்பவும் ஏறின உடனே உறங்கிருவேன்" என்று எழுந்தாள். இவர் ஜன்னலுக்குப் போனார். நான் நடுவில். அவள் என் வலப்பக்கம்.

உட்கார்ந்ததும் ஜிபிஎஸ்ஸைப் போட்டார். விமானப் பணிப்பெண் வந்து, செல்போன் போல இதையும் அணைக்க வேண்டும் என்றாள். உடனே அணைத்துவிட்டார். மேலே போய் பெல்ட் விளக்கு அணைந்த பிறகு, அவளைக் கூப்பிட்டு, "மோளே, கேப்டன்கிட்ட ஒரு வார்த்த கேட்டு வாறியா?" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் நிஜமாகவே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். பிரச்சினை இல்லை, இறங்கும்போது மட்டும் அணைத்துவிடுங்கள் என்றாள்.

ஜன்னல் கண்ணாடியில் அதை ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. கடலில் என்றால் மேலே திறந்த வானம், இங்கே இந்தச் சின்ன ஜன்னல்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கை வலித்தபோது நான் வாங்கிப் பிடித்தேன். ஒருவழியாக அது சாட்டிலைட்டுகளைப் பிடித்ததும் திரையில் எண்கள் ஓடத் தொடங்கின.

"நானூத்தம்பது நாட்" என்று வேகத்தை மெதுவாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நம்ம போட்டு எட்டு நாட் போனா பெரிய காரியம், கேட்டியா" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கருவி 'பீப் பீப்' என்று கத்தியது. முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். நர்ஸ் திடுக்கிட்டு எழுந்தாள். இவர் அவசரமாகத் துண்டைப் போட்டு மூடினார்.

"என்ன சத்தம் அண்ணே?"

"ஒண்ணுமில்ல மக்கா. நம்ம மடை ஒண்ணு கீழ போவுது. பக்கத்துல வந்தா கூப்பிடச் சொல்லி வச்சிருக்கேன்."

மடை என்றால் கடலுக்கடியில் மீன் அடைகிற பாறைப்பகுதி. இத்தனை வருஷமாகத் தான் தூண்டில் போட்ட இடங்களையெல்லாம் அதில் குறித்து வைத்திருந்தார். புதுக் கருவி வாங்கும்போதெல்லாம் பழையதைப் பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றுவார். நான் அடுக்களையிலிருந்து பார்த்துவிட்டு, கணக்குப் போடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த மடையில் ஒரு சுறா தூண்டிலோடு அவர்களை அரை நாள் இழுத்துக்கொண்டு திரிந்த கதையைச் சொன்னார். நர்ஸுக்கு உறக்கம் போய்விட்டது. என் தோள்மீது சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு லட்சத்தீவின் தீவு ஒன்று தெரிந்தது. நீலத்துக்கு நடுவில் பச்சையாக ஒரு வளையம். காற்று பலத்தபோது அதன் மறைவில் இரண்டு ராத்திரி கிடந்ததாகச் சொன்னார். அந்தக் காற்று எனக்கும் ஞாபகம் இருந்தது. எங்கள் ஊர்ப் பெண்களெல்லாம் மாதா கோவிலில் ஜெபமாலையோடு முழங்காலில் நின்ற நாட்கள் அவை.

அப்புறம் பட்டன்களை அமுக்கி எதையோ தேடினார். திரையையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏட்டி, இங்கதான்."

"என்னது?"

"மகள் பிறந்தத நான் கேட்ட இடம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். வேறொரு போட்டுக்காரன் வயர்லெஸில் கூப்பிட்டானாம். பெண்பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம் என்றானாம். பிடித்த மீன் டீசல் செலவுக்குக்கூடக் காணாது. திரும்பி வர வழியில்லை. கூட இருந்தவர்கள் அரிசியும் கருப்பட்டியும் போட்டுத் தேங்காய்ப்பால் இல்லாமலே பாயசம் வைத்தார்களாம். அன்றைக்குத் தூண்டில் போடாமல் எஞ்சினை நிறுத்திவிட்டு, அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டாராம்.

அந்தத் தடவை அவர் வீட்டுக்கு வந்தபோது பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தாள். பிள்ளை பிறந்த சேதியே அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று நான் நினைத்திருந்தேன். சேர்ந்திருந்தால் எப்படியாவது வந்திருப்பார் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லியும் இருந்தேன்.

"இத்தன நாளும் ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே."

"கேக்காட்டி சொல்லக்கூடாதா?"

அவர் ஜிபிஎஸ்ஸை என் கையில் தந்துவிட்டு, தலையைப் பின்னால் இழுத்து நான் பார்க்க வழி விட்டார். நான் அவர் மடிக்கு மேலே குனிந்து பார்த்தேன். தண்ணீர்தான் இருந்தது. அங்கங்கே மேகங்களின் நிழல் விழுந்து கிடந்தது. மற்ற இடத்துக்கும் அந்த இடத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனாலும் கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவர் போயிராத கடல் வந்தது. கருவி சத்தம் போடவில்லை. ஓமான் கரை பழுப்பாகத் தெரிந்ததும், பணிப்பெண் வந்து சொல்வதற்கு முன்பே அணைத்துப் பையில் போட்டுவிட்டார்.

மகளுக்குப் பையன் பிறந்தான். கல்யாணமான நாள் முதல் அவரும் நானும் ஒரே கூரைக்கடியில் சேர்ந்தாற்போல் இரண்டு மாதம் இருந்தது அங்கேதான். காலையில் மருமகனோடு சந்தைக்குப் போய் மீன் வாங்கி வருவார். மத்தியானம் மகளும் பிள்ளையும் உறங்குகிற நேரத்தில், அந்தச் சின்ன அடுக்களையில் தரையில் உட்கார்ந்து உள்ளி உரித்துத் தருவார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே ஏதாவது கேட்பேன். அவர் சொல்வார். சில கதைகளைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் பேரனைப் பார்ப்பார். அப்போது நான் மேற்கொண்டு கேட்க மாட்டேன். இரண்டொரு நாள் கழித்து அவரே வந்து மிச்சத்தைச் சொல்வார்.