அம்மாவின் உடம்பில் இருந்த ரவைகள்

காய்ச்சல் வந்த நான்காம் நாள் அம்மா சோற்றுத் தட்டைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, சம்பந்தமில்லாத வார்த்தைகளைக் கோத்துப் பேசினாள். நடவு நட்டே உரமேறிய உடம்பு. தலைவலி என்றுகூடப் படுத்தவள் இல்லை. மத்தியானம் வலிப்பு வந்தது. குடவாசலுக்குப் பக்கத்து எங்கள் ஊரில் காத்து கருப்பு என்றார்கள். அண்ணன் கார் பிடித்தான். தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம்.

சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதும் எனக்கு உயிர் வந்தது. டாக்டரம்மா முகம் தெளியவில்லை.

"மூளைக்காய்ச்சலோன்னு சந்தேகப்படறேன். ஆரம்பத்துல சி.டி.ல தெரியாமப் போகலாம். எம்.ஆர்.ஐ. எடுங்க. மருந்த இப்பவே ஆரம்பிச்சிடறேன்."

எம்.ஆர்.ஐ. அறை வாசலில் இருந்தவர் கேட்டார்: "உடம்புல இரும்பு, கம்பி, ப்ளேட்டு ஏதாச்சும் இருக்குங்களா?"

அண்ணன் என் கையை அழுத்தினான். நான் பிறப்பதற்கு முந்தைய வருஷம், கூலி நெல் கூட்டிக் கேட்டு ஆட்கள் அறுப்புக்கு இறங்காமல் நின்றார்கள். பண்ணை ஆள் ஒருவன் சுட்டதில் துப்பாக்கி ரவைகள் அம்மாவின் தோளிலும் முகத்திலும் பாய்ந்தன. ஆஸ்பத்திரிக்குப் போனால் கேஸாகிவிடும் என்று பயந்து, கைக்கு எட்டியதை மட்டும் பிடுங்கிவிட்டு மஞ்சள் பற்றுப் போட்டார்களாம்.

"சொல்லாத பாப்பா. சொன்னா எடுக்க மாட்டாங்க," என்றான் அண்ணன் என் காதோரம்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. கதவைத் தாண்டப்போகிற நேரத்தில் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நிறுத்துங்க! அம்மா உடம்புல துப்பாக்கி ரவை இருக்கு!"

எக்ஸ்ரே எடுத்தார்கள். தோளில் சில, கண்குழி ஓரத்தில் ஒன்று.

"அது ஈயமா இரும்பான்னு நமக்குத் தெரியாது. இரும்பா இருந்தா காந்தம் இழுத்துக் கண்ணே போயிடும்மா," என்றார் டாக்டரம்மா. எம்.ஆர்.ஐ. இல்லை என்றாகிவிட்டது.

"அம்மாவுக்கு ஏதாச்சும் ஆனா அது ஒன்னாலதான்," என்றான் அண்ணன். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதுகுத்தண்டில் நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் மறுபடி சி.டி. எடுத்தபோது, இடது காதுக்கு மேலே மூளையில் ஒரு கறுத்த திட்டு தெரிந்தது.

"நெனச்சது சரிதான். வைரஸ்தான். மருந்து ஏற்கெனவே ஏறிக்கிட்டிருக்கு."

அந்தப் படத்தைப் பார்த்து நானும் அண்ணனும் சேர்ந்து அழுதோம்.

மூன்று வாரம் சொட்டு மருந்து ஏறியது. அம்மா பிழைத்தாள். நடக்கிறாள், தானே சாப்பிடுகிறாள். யார் பேரும்தான் நினைவுக்குத் திரும்பவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதை யாரோ சொல்லியிருக்க வேண்டும். என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, மரியாதையாகத் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள்.