எச்சில் இலைகளும் அண்ணாச்சியின் தென்னைகளும்

பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர்கள் இலைக்குள் எதையெல்லாம் மடித்து வைப்பார்கள் என்று கேட்டால் நான் ஒப்பிப்பேன். தண்ணீர் பாக்கெட், காகிதக் கப், ஐஸ்கிரீம் கரண்டி, ஒரு தடவை ஒரு பல்செட்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சபையின் பண்டிகை முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து அசனம் சாப்பிடுவோம். அந்த இலைகள் அத்தனையையும் தேவதானத்தில் இருக்கும் என் தோட்டத்துக்கு உரமாக்கப் போகிறேன் என்று நான்தான் அறிவித்தேன். இலையில் பிளாஸ்டிக் போடாதீர்கள் என்று மைக்கில் மூன்று முறை சொன்னேன். யார் கேட்டார்கள்? ஆலயத்தின் பின்வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வோர் இலையாக நானே பிரித்தேன்.

"ஏட்டி, ரிட்டயர் ஆனது எச்சில் இலை பொறுக்கத்தானா?" என்றாள் என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள்.

எரிச்சலில் அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. அதன் பிறகு ராஜபாளையத்துக் கல்யாண மண்டபங்களிலும் சொல்லிவைத்து, குட்டியானை வண்டியில் இலைகளை ஏற்றிப் போனேன். சாணமும் சருகும் சேர்த்துத் தோட்டத்து ஓரத்தில் ஆள் உயரத்துக்குக் குவித்தேன். மாதம் ஒரு முறை கிளறிவிட வேண்டும் என்று விஷயம் தெரிந்த ஒருவர் சொன்னார். காட்டில் யார் போய்க் கிளறுகிறார்கள் என்று அவர் வாயை அடைத்தேன். அது தானாகக் கனியட்டும் என்பது என் கட்சி.

அடுத்த தோட்டத்துக்காரரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். என் கத்தரிக்கும் வெண்டைக்கும் அவர் கிணற்றுத் தண்ணீர்தான். முழங்கால் போனதால் நெல் விவசாயத்தை விட்டுவிட்டு நாற்பது தென்னம்பிள்ளைகள் வைத்திருந்தார். அவற்றுக்கு இது நான்காவது வருடம், பாளை விடுகிற சமயம். இனிமேல் குனிந்து வேலை பார்க்க முடியாத மனிதருக்கு அந்த நாற்பதை விட்டால் வேறு போக்கு இல்லை. அவர் தென்னைக்கு யூரியா போடுவார். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்றாம் மாதம் குவியலின் ஓரத்தைத் தோண்டிப் பார்த்தேன். கட்டை விரல் பருமனில், வெள்ளை வெளேரென்று, சுருண்டு சுருண்டு புழுக்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செத்த மண்ணுக்கு உயிர் வந்துவிட்டது என்று நினைத்தேன். சபைப் பெண்களை வேன் பிடித்து அழைத்துப் போய், "பாருங்க, எம்புட்டு உயிர்!" என்று காட்டினேன். அண்ணாச்சி வீட்டுக் கோழிகள் கிளற வந்தபோது கல்லெடுத்து விரட்டினேன். பதமாக மூடி, மேலே ஈரச் சாக்கும் போட்டேன்.

மழைக்காலம் முடிந்த சமயம், அண்ணாச்சியின் தென்னைகளில் புதிதாக விரிந்த ஓலைகளைக் கவனித்தேன். கத்தரி வைத்து வெட்டிய மாதிரி இரண்டு பக்கமும் சாய்வாக நறுக்கப்பட்டிருந்தன. எனக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது.

"இதுக்குத்தான் யூரியா வேண்டாம்னு சொன்னேன் அண்ணாச்சி. கேட்டாத்தானே? உங்களை மாதிரி ஆட்களாலதான் ஊர் மண்ணே நாசமாப் போச்சு."

அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதத்துக்குள் மூன்று தென்னைகளில் நடுக்குருத்து இழுத்தால் கையோடு வந்தது. குருத்து போனால் தென்னை போயிற்று. மறுபடி வைத்து நான்கு வருடம் காத்திருக்க அவருக்கு வயதில்லை.

அக்கம்பக்கத்துத் தோப்புகளில் தேங்காய் பறிக்கிறவர்தான் ஒரு நாள் காலையில் வந்து கொக்கிக் கம்பியைக் குருத்து ஓட்டைக்குள் விட்டு, கறுப்பாக, மூக்கில் கொம்போடு ஒரு வண்டை இழுத்துப் போட்டார். நானும் வேலியோரம் நின்று பார்த்தேன்.

"கொம்பு வண்டுல்லா. கிளறாத குப்பையிலதான் இது குஞ்சு பொரிக்கும். வெள்ளைப் புழுவாக் கிடந்து பொறவு பறந்து வரும். இங்க பக்கத்துல குப்பைமேடு எங்க இருக்கு?"

அண்ணாச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் திரும்பியிருந்தால் கூட எனக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது.

மண்வெட்டியை எடுத்தேன். இரண்டு நாள் அந்தக் குவியலைப் பிரித்துப் போட்டேன். கூடை கூடையாகப் புழு. நான் சாக்குப் போட்டு வளர்த்த புழு. விரட்டியடித்த அதே கோழிகளை நானே கூப்பிட்டுக் கொட்டினேன். சபையாரை வைதேன், இலைக்குச் சொல்லிவைத்த மண்டபக்காரர்களை வைதேன், புழுவைப் பார்த்துக் கைதட்டிய பெண்களையும் வைதேன். அவர்களுக்கு என்ன தெரியும்? தெரிந்த மாதிரி பேசியது நான்தானே. அடிப்பகுதியில் உரம் கறுப்பாக, உதிரி உதிரியாக, அருமையாக இருந்தது. அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டாம் நாள் மாலை அண்ணாச்சி கொக்கிக் கம்பியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தென்னையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரே போய்க் கேட்டேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஓலை வெட்டுப்பட்டப்பவே தெரியும் டீச்சர்."

"அப்போ சொல்லித் தொலைச்சிருக்க வேண்டியதுதானே? மூணு மரம் போயிருக்காதே!"

"ரெண்டு தரம் சொல்ல வந்தேன்," என்றார், கோபமே இல்லாமல். "ரெண்டு தரமும் நீங்க பேசி முடிக்கையில பொழுது சாஞ்சிட்டு."

எனக்குப் பதில் இருந்தது. நியாயமான பதில்தான். வாயைத் திறந்தேன். அவர் கம்பியைத் தரையில் வைத்துவிட்டு, வலிக்கிற காலை மாற்றி ஊன்றி, நான் சொல்லி முடிக்கும்வரை கேட்கத் தயாராக நின்றார்.