துடுப்புக்குத் தேய்க்கும் எண்ணெய்

காலை ஆறேகாலுக்கு ஊரூர் ஒல்காட் குப்பத்துச் சந்தில் நுழைந்தபோது நான் முதலில் பார்த்தது, ஓங்கியிருந்த ஒரு துடுப்பு. அதற்குக் கீழே என் சித்தி தன் நாய் மணியைக் கட்டிப்பிடித்துக் குந்தியிருந்தாள். ஓங்கியவர் எதிர்வீட்டுப் படகுக்காரர். "நவுரு யக்கா. உன் மேல பட்டா நான் பொறுப்பில்ல," என்றார். "பட்டா படட்டும், அடிடா. கடல்ல மீனு மாட்டல, நாயாவது மாட்டுச்சேன்னு அடி," என்றாள் சித்தி. அவர் அடித்தார். மணியின் தலைக்கு வந்த அடியை அவள் இடது கையில் வாங்கினாள். காய்ந்த மட்டை ஒடிவது போன்ற சத்தம். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே கை வளைந்துவிட்டது. அவளுடைய வலது கை தரையில் துழாவி, மீன் வெட்டும் கத்தியை எடுத்து, அவர் காலை நோக்கி வீசியது. அவருடைய கணுக்காலில் ரத்தம் வந்தது. அதற்குள் நான் ஓடிப்போய்த் துடுப்பைப் பிடித்துவிட்டேன். கறுப்பு எண்ணெய் என் உள்ளங்கையில் ஒட்டியது. மணியின் முதுகிலும் அதே எண்ணெய், அதே வாடை.

நான் பத்திரிகையில் வேலை பார்ப்பவன், வேளச்சேரியில் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தியிடம் மீன் வாங்கப் போவது வழக்கம். அவள் கூடையோடு கிளம்பினால் மணி பின்னாலேயே போகும். அந்த ஆண்டு அதன் காது ஓரங்கள் தடித்து, வயிற்றில் முடி கொட்டி, சொறிந்து சொறிந்து தோல் பிய்ந்திருந்தது. படகுக்காரரின் சின்ன மகளும் இரவெல்லாம் சொறிந்தாள். காலையில் அவள் நகங்களில் ரத்தம் காய்ந்திருக்கும். மணியிடமிருந்துதான் ஒட்டியது என்று சந்து முழுக்கப் பேச்சு. நாயை அடித்துப் போட்டுவிடுவதென்று முடிவாகியிருந்தது. சித்தி சும்மா இருக்கவில்லை. கட்டுமரக் காலத்திலிருந்து குப்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. மரத்தைப் பூச்சி அரிக்காமலிருக்க எண்ணெய் தேய்ப்பார்கள். இப்போது அது படகு இன்ஜினிலிருந்து வடித்த கழிவு எண்ணெய். மரத்துப் பூச்சிக்கு ஆவது தோல் பூச்சிக்கும் ஆகும் என்று அவள் மணியைத் தலை முதல் வால் வரை பூசிவிட்டாள்.

மாவுக்கட்டு போட்டு வந்த மறுநாள் அவளையும் மணியையும் ஆட்டோவில் ஏற்றி அபிராமபுரத்தில் ஒரு கால்நடை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். வழியெல்லாம் மணி வாந்தி எடுத்தது. டாக்டரம்மா முகர்ந்துபார்த்து, "யாரும்மா இதைத் தடவினது?" என்றார். "நான்தான். மரத்துக்குத் தடவுறதுதான?" "மரம் தன்னைத்தானே நக்கிக்காதும்மா." எண்ணெயைச் சோப்பு போட்டுக் கழுவியபோது முதுகுத் தோல் திட்டாகக் கையோடு வந்தது. வாயைக் கட்டி, நாங்கள் இருவரும் அமுக்கிப் பிடிக்க, டாக்டரம்மா பிளேடால் காது ஓரத்தை ரத்தம் கசியும்வரை சுரண்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சொறி உண்ணி. மாத்திரையில் போய்விடும் என்றார். ஆனால் மணி படுக்கும் சாக்கைக் கொதிநீரில் போட வேண்டும். அதோடு ஒரே வலைமேல் சேர்ந்து படுக்கும் நாய்கள் எல்லாவற்றுக்கும் மாத்திரை கொடுக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் திரும்ப வரும். சித்தி என்னைப் பார்த்து, "திரும்ப வந்தா கொன்னுடுவானுங்க, நைனா," என்றாள்.

அடுத்த ஞாயிறு டாக்டரம்மா குப்பத்துக்கே வந்தார். மீன் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் மைக்ராஸ்கோப்பை வைத்தார். கடைசியாகப் பார்த்தது படகுக்காரரின் செவலை நாயை. கொழுகொழுவென்று இருந்தது, காது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பொருக்கு. சுரண்டிப் பார்த்துவிட்டு, "இதுகிட்டதான் ரொம்ப இருக்கு. பாப்பா இதோடதான் படுக்குதா?" என்று கேட்டார். படகுக்காரர் நாயின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். "பயப்படாதீங்க. இதுக்கு மாத்திரை, பாப்பாவுக்குத் தோல் டாக்டர்கிட்ட மருந்து. சரியாயிடும்." சந்தில் யாரோ, "பொருக்கு நாயை வூட்ல வெச்சிக்கினு அடுத்த வூட்டு நாயை அடிக்கப் போனான் பாரு," என்றார்கள். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் மாத்திரையைக் கையில் வாங்காமல் நாயை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். டாக்டரம்மா அதைச் சித்தியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

சித்தி ஒற்றைக் கையால் ஒரு கவளை மீனின் வயிற்றைக் கீறி, மாத்திரையை உள்ளே திணித்தாள். "என் கைய ஒடச்சவன் வூட்டுக்கு விருந்து எடுத்துக்கினு போறேன் பாரு," என்று சொல்லிக்கொண்டே சந்தைக் கடந்தாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே காய்ந்த மட்டை ஒடிவது போன்ற அந்தச் சத்தம் கேட்டது. அவளுக்குத் தெரிந்த சத்தம். "டேய், மாத்திரைடா. ஒரே ஒரு மாத்திரைடா," என்று கதவை மாவுக்கட்டால் இடித்தாள். நாய் ஒருமுறை ஊளையிட்டது. பிறகு அடிக்கும் சத்தம் மட்டும், நாய் அடங்கி, அது தேவையில்லாமல் போன பின்பும் சற்று நேரம். கதவைத் திறந்துகொண்டு வந்தவர் துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். வாசற்படியில் மகள் நின்றிருந்தாள். சித்தி மீனிலிருந்து மாத்திரையைப் பிடுங்கிப் புடவையில் துடைத்தாள். மீனை மணிக்குப் போட்டாள்.

போன ஞாயிறும் போயிருந்தேன். மணிக்கு முடி வளர்ந்துவிட்டது. எண்ணெய் பொசுக்கிய இடத்தில் மட்டும் வளரவில்லை. சாக்கு கொடியில் காய்ந்தது. மாதாமாதம் சித்தி மாத்திரை கொடுத்துவிடுகிறாள். அவளுடைய இடது கை முழுதாக நீளாததால் நாயின் வாயை நான் பிளந்து பிடிக்கிறேன். எதிர்ச்சுவரில் அந்தத் துடுப்பு சாய்ந்திருந்தது, புதிதாக எண்ணெய் தேய்த்து. மணி போய்க் காலைத் தூக்கியது. வலை பின்னிக்கொண்டிருந்த படகுக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்.

செவலை நாயின் மாத்திரை, காகிதத்தில் மடித்தபடி, சித்தி வீட்டுக் கடுகு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.