பஞ்சாலை அக்காவின் ஞாயிறு பஸ்

பஸ் படிக்கட்டில் ஒரு காலைத் தூக்கி வைத்தபடி, ஏற வருகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் பஞ்சாலை அக்கா. புதுச் சப்பாத்து போட்டவர்கள் ஏற முடியாது. வெள்ளை வெளேரென்ற சப்பாத்தில் வந்த ஒரு சிறுமியை அப்படியே நிறுத்திவிடுகிறார். கோலாலம்பூருக்குப் போகிறோமே என்று போன வாரம்தான் வாங்கிக் கொடுத்ததாக அவள் அம்மா சொல்லிப் பார்க்கிறார்.

"கோலாலம்பூர்ல ஒங்க சப்பாத்த யாரும்மா பாக்கப் போறா? மத்தியானத்துக்குள்ள குதிகால் உரிஞ்சிரும். அப்புறம் மொத்தப் பஸ்ஸும் இவ பின்னாடி பெலான் பெலான்னு மெதுவா நடக்கணும். போ கண்ணு, பழச மாட்டிட்டு ஓடியா."

சிறுமி ஓடுகிறாள். பஸ் காத்திருக்கிறது. அடுத்து நான். என் தேய்ந்த செருப்பைக் குனிந்து பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டுகிறார். அந்தச் செருப்பை இதுவரை யாரும் பாராட்டியதில்லை.

போர்டிக்சனிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது இவர்களுடைய தாமான் குடியிருப்பு. தோட்டத்து லயத்து வரிசை வீடுகளை இடித்தபோது கட்டிக் கொடுத்த மலிவு வீடுகள். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இப்போது ஒன்றிரண்டு பேர்தான். மற்றவர்கள் கையுறை ஃபேக்டரிக்கும் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கும் கடற்கரை ஹோட்டல்களுக்கும் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறார்கள். டிசம்பர் வந்தால் நமக்கு என்ன குளிரா அடிக்கிறது? சாயங்காலம் தவறாமல் மழை கொட்டும், அவ்வளவுதான். ஆனால் கோலாலம்பூர்ப் பேரங்காடிகள் அந்த ஒரு மாதம் பனிமலைகளாக மாறிவிடும். விளக்கும் மானும் வண்டியும் போதாதென்று, கூரையிலிருந்து நுரையைப் பனியாகக் கொட்டுவார்கள். கோலாலம்பூர் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். கூப்பிடுவதற்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் பஞ்சாலை அக்கா.

பஞ்சாலை என்பது பெயர்தான், ஆலை எதுவும் இல்லை; தமிழ்ப்பள்ளி கேண்டீனில் சமைக்கிறவர். விடுமுறை விட்டதும் கை பரபரவென்கிறது என்பார். ஒரு வாரம் தம்பின் ஊர்ப் பக்கம் டுரியான் பழம் தின்னப் போவார்கள், ஒரு வாரம் கெந்திங் மலை, ஒரு வாரம் கோலாலம்பூர். ஐம்பத்தெட்டு வயதில் முழங்கால் மடங்க மறுக்கிறது. அதையும் கூட்டிக்கொண்டுதான் போகிறார். கூட்டத்தில் தம்மை அடையாளம் காண, சிவப்புத் துணி சுற்றிய ஒரு பேட்மிண்டன் மட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நடப்பது வழக்கம். குடை பிடித்தால் என்னக்கா என்று கேட்டேன். குடை எல்லார் கையிலும் இருக்கும், கோலாலம்பூர் நடுவில் மட்டையைத் தூக்கிக்கொண்டு எவள் நடப்பாள் என்றார்.

ஊர் பார்க்கக் கூட்டிப் போகிறவருக்கு ஊர் பார்ப்பதில் அக்கறை கிடையாது. கழிப்பறை, நிழல், உட்கார இடம், இந்த மூன்றுக்கும்தான் அவரிடம் மதிப்பெண். நகரத்தின் புகழ்பெற்ற இடங்கள் பலவும் இந்தப் பரீட்சையில் தோற்றுப்போயிருக்கின்றன. "அக்வேரியமா? மீனெல்லாம் நல்லாத்தான் இருக்கு. குந்த எடமில்ல லா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

பஸ்ஸில் எனக்கும் ஓர் இடம் கேட்டுச் சனிக்கிழமையே போயிருந்தேன். அக்கா சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் புளிச்சோற்றைவிடப் பெரிய கவலை ஒன்று அவருக்கு இருந்தது. அக்காவின் தம்பி தேவன் லாரி ஓட்டியவர். இந்த வருஷம் தைப்பூசம் முடிந்த வாரம், நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தம்பி மனைவி புஷ்பவள்ளி அன்றிலிருந்து கையுறை ஃபேக்டரிக்குப் போவார், வருவார், கதவைச் சாத்திக்கொள்வார். ஒரே மகன் ஜொகூரில் வேலை. வருஷம் திரும்பும்வரை கோயில் இல்லை, விசேஷம் இல்லை, வெளியூர் இல்லை என்பது வழக்கம். யாரும் வற்புறுத்தவில்லை, புஷ்பவள்ளிதான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தொலைக்காட்சியைக்கூடத் துணி போட்டு மூடி வைத்திருப்பதாக அக்கா சொன்னார்.

இன்னும் கொஞ்ச நாள்தானே, வருஷம் திரும்பியதும் கூட்டிப் போகலாமே என்று நான் விவரம் தெரிந்தவன்போலச் சொன்னேன். அக்கா புளிச் சக்கையைப் பிழிந்து எறிந்தார்.

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க தம்பி. எங்க வூட்டுக்காரரு போனப்ப நானும் ஒரு வருஷம்னுதான் உக்காந்தேன். எந்திரிக்க நாலு வருஷம் ஆச்சு. குந்திப் பழகிட்டா ஒடம்பு எந்திரிக்க மாட்டேங்குது லா. தேவன் பொண்டாட்டிய நான் அப்படி விட மாட்டேன்."

வாம்மா என்று கூப்பிட்டால் புஷ்பவள்ளி வரமாட்டார். அதனால் அக்கா வேறு வழி பிடித்தார். வழக்கமாகச் சாப்பாடு பரிமாறுகிற பக்கத்து வீட்டு ரதிக்குக் கை சுளுக்கிக்கொண்டதாம். இத்தனை பேருக்குச் சோறு போட ஒரு ஆள் இல்லாமல் தவிப்பதாகவும், நாத்தனாருக்கு இந்த ஒருநாள் ஒத்தாசை செய்யக்கூடாதா என்றும் போய்ப் புலம்பியிருக்கிறார். வேலை என்றதும் புஷ்பவள்ளி மறுக்கவில்லை. சுளுக்கே இல்லாத ரதி பாவம், மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு திரிய வேண்டியதாயிற்று.

செய்தி அதற்குள் பரவிவிட்டது. நான் அங்கே இருக்கும்போதே கோயில் தலைவர் சுகுமாறன் வந்தார். துக்க வீட்டுப் பெண்ணை ஜாலியாகச் சுற்றக் கூட்டிப் போவது நன்றாக இருக்காது, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று மென்மையாகத்தான் சொன்னார்.

"சுத்தறதுக்கு யாரு தலைவரே வர்றா? அவ வேலைக்கு வர்றா. தெனம் ஃபேக்டரிக்குப் போறாளே, அதுக்கு ஒருத்தரும் வந்து கேக்கலியே" என்றார் அக்கா.

தலைவர் நாளைக்குப் புளிச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்று விசாரித்துவிட்டுப் போனார். அவருக்கும் அதே பஸ்ஸில் இடம் போட்டிருந்தது.

இப்படியாக ஞாயிறு காலை புஷ்பவள்ளி பஸ்ஸில் முன் இருக்கையில், மடியில் அப்பளப் பையோடு உட்கார்ந்திருந்தார். சாம்பல் நிறப் பஞ்சாபி உடை, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய கூந்தல். பின்னால் பிள்ளைகள் போட்ட கூச்சலுக்கு அவர் திரும்பவே இல்லை. அக்கா அடிக்கடி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டார்.

முதல் நிறுத்தம் பத்துமலை. எங்கே போனாலும் முதலில் சாமி என்பது அந்தப் பஸ்ஸின் சட்டம். துக்கம் இருப்பவர் மலைக்கு வர முடியாதே, அதனால் புஷ்பவள்ளி பஸ்ஸிலேயே இருந்தார். அதை அக்கா எதிர்பார்த்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்திய ஏரிக்கரையில்தான் கணக்குத் தப்பியது. புஷ்பவள்ளி வேலையை வேலையாகவே செய்தார். வாழையிலைத் துண்டு விரித்து, சோறும் சம்பாலும் அவித்த முட்டையும் வைத்து, இரண்டாம் முறை கேட்காதவர்களையும் தேடிப் போய்ப் போட்டார். ஒரு பருக்கை சிந்தவில்லை. எல்லாரும் முடித்ததும் நின்றபடியே இரண்டு வாய் தின்றுவிட்டு, கரண்டிகளைப் பொறுக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

பிள்ளைகள் வாத்துப் படகில் ஏறுகிறார்களாம், வந்து பாரேன் என்று அக்கா கூப்பிட்டார்.

"வேலைக்கு வந்தவளுக்கு ஏரியில என்ன வேலை அண்ணி?"

அக்கா சொன்ன நியாயம் அக்காவையே திருப்பி அடித்தது. ரதி பக்கத்தில் நின்று பரிதாபமாகப் பார்த்தார். காலையில் இடது கையில் இருந்த சுளுக்குக் கட்டு அதற்குள் வலது கைக்கு வந்திருந்தது. புஷ்பவள்ளி அதையும் கவனித்துவிட்டுத்தான் போனார்.

கடைசி நிறுத்தம் பேரங்காடி. நாங்கள் போய்ச் சேரும்போது மழை பெய்து ஓய்ந்திருந்தது. கட்டடத்தின் நெற்றியிலிருந்து அடிவரை விளக்குச் சரம் தொங்கியது. வாசலில் கூட்டமான கூட்டம். எல்லா இனத்துப் பிள்ளைகளும் தலையில் சிவப்புக் குல்லாவோடு திரிந்தார்கள். பக்கவாட்டில், வாசல் தெரிகிற மாதிரி பஸ்கள் நிற்குமிடத்தில் ஓட்டுநர் மகேந்திரன் வண்டியை நிறுத்தினார். எல்லாரும் இறங்கினார்கள். புஷ்பவள்ளியும் இறங்கினார், புளிச்சோற்றுப் பானையோடு. பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு குழாய் இருந்தது. அங்கே உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

அக்கா பேட்மிண்டன் மட்டையை ரதியிடம் கொடுத்து எல்லாரையும் உள்ளே அனுப்பினார். தமக்குக் கால் வலிக்கிறது என்று சொல்லி முன் இருக்கையில் சாய்ந்துகொண்டார். மட்டையை அவர் இன்னொருவர் கையில் கொடுத்ததை இதற்கு முன் யாரும் கண்டதில்லையாம். நானும் போகவில்லை. பனி எங்கே ஓடிவிடப் போகிறது, இது எப்படி முடியும் என்று பார்க்க வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னால், அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. இவ்வளவு தூரம் கூட்டி வந்தும் தம்பி மனைவியைப் பானை கழுவத்தான் வைக்க முடிந்தது என்று அவர் நினைப்பது அந்த முகத்தில் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் முருகையா அண்ணன் மட்டும் தனியே திரும்பி வந்தார். தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். பேரங்காடி ஏர்கான் எலும்பைக் குடைகிறது, மனுஷன் இருப்பானா என்று முணுமுணுத்தபடி படியேறி, கடைசி நீள இருக்கையில் துண்டை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தார். அடுத்த நிமிடம் குறட்டை. பின்னால் குழாயடியில் இருந்த புஷ்பவள்ளி அவர் வந்ததைப் பார்க்கவில்லை.

அக்கா திரும்பி அந்தக் கடைசி இருக்கையைப் பார்த்தார். முன்னாலிருந்து பார்த்தால் இருக்கைகளின் முதுகுதான் தெரிந்தது. எழுந்து போய், அவர் நீட்டியிருந்த ஒற்றைக் காலை உள்ளே மடக்கி, குறட்டை நிற்க அவரை ஒருக்களித்துத் திருப்பிவிட்டார். அவர் சட்டைப் பையிலிருந்த கைப்பேசியை எடுத்து அணைத்துத் தம் பையில் போட்டுக்கொண்டார். வலிக்கிற கால் என்று சொன்னது அப்போது அவருக்கே மறந்துபோயிருந்தது. வந்து உட்கார்ந்து மகேந்திரனையும் என்னையும் ஒரு பார்வை பார்த்தார். பள்ளிப் பிள்ளைகள் எதற்காக அந்தக் கேண்டீனில் வரிசையாக நிற்கிறார்கள் என்பது எனக்கு அப்போது விளங்கியது.

புஷ்பவள்ளி ஈரப் பானையோடு ஏறினார்.

"புஷ்பா, முருகையா அண்ணனக் காணோமாம். ரதி இப்பதான் போன் பண்ணா. அவரு போன் அடிச்சா கெடைக்கல."

புஷ்பவள்ளி பானையைக் கீழே வைத்தார். மகேந்திரனை அனுப்பலாமே என்றார். பஸ்ஸை விட்டு இறங்கினால் போலீஸ் சம்மன் போட்டுவிடுவான் என்று மகேந்திரன் யோசிக்காமல் பதில் சொன்னார். புஷ்பவள்ளி என்னைப் பார்த்தார்.

"அந்தத் தம்பிக்கு அண்ணன் மூஞ்சி தெரியாது" என்றார் அக்கா. காலையிலிருந்து முருகையா அண்ணனோடு ஒரே இருக்கையில் தோள் இடிக்க உட்கார்ந்து வந்தவன் நான். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேலைக்குத்தானே வந்த? ஆளத் தொலைச்சுப்புட்டு வீட்டுக்குப் போக முடியுமா? மாடி மாடியாத் தேடு. பனி கொட்டுற எடத்துலதான் கூட்டமாம், அங்க நின்னு நல்லாப் பாரு."

புஷ்பவள்ளி பானையை இருக்கைக்கு அடியில் தள்ளினார். துப்பட்டாவில் கையைத் துடைத்தார். பிறகு இறங்கி, தேங்கியிருந்த மழைநீரைத் தாண்டி, விளக்குகளை நோக்கி நடந்தார். வாசல் அவரை உள்ளே வாங்கிக்கொள்ளும்வரை அக்கா கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தார்.

அப்புறம் காத்திருந்தோம். மகேந்திரன் வெற்றிலை போட்டார். அக்கா காலி டப்பாக்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். போன வேகத்தில் திரும்பி வந்துவிடுவாரோ என்று நானும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து வந்த ஒவ்வொரு சாம்பல் நிற உடையும் வேறு யாரோவாக இருந்தது.

கைப்பேசி அடித்ததும் அக்கா முதல் மணியிலேயே எடுத்தார். எடுத்தவர் ஓரிடத்தில் நிற்காமல், இருக்கைகளுக்கு நடுவே பஸ்ஸின் கடைசிவரை போனார். மறுமுனையில் பாட்டும் பிள்ளைகளின் கூச்சலுமாக ஒரே சத்தம். அதற்கு மேலே புஷ்பவள்ளி கத்திப் பேசியது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"அண்ணி, இங்க மூணு மாடியும் பாத்துட்டேன், காணோம். பனி கொட்டுது அண்ணி. கையில விழுது. சவர்க்கார நொர மாரி இருக்கு, ஒட்டவே மாட்டேங்குது." யாரிடமோ விசாரித்தது கேட்டது. "மேல இன்னும் ரெண்டு மாடி இருக்காம். அதையும் பாத்துட்டு வரட்டுங்களா?"

அந்த நேரம் பார்த்து முருகையா அண்ணன் கண்ணைத் திறந்தார். எழுந்து உட்கார்ந்து, யாரைத் தேடுகிறார்கள் என்று கேட்க உரக்கத் தொண்டையைச் செருமினார். அக்கா கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலே, இன்னொரு கையால் அவர் வாயைப் பொத்தினார்.

"பாரு" என்றார். "எல்லா மாடியும் பாரு."

பேச்சு முடிந்து, முருகையா அண்ணன் மறுபடி படுத்த பிறகும் அக்கா அவர் வாயிலிருந்து அந்தக் கையை எடுக்கவில்லை.