நெல் பால் பிடிக்கும் வாரம்

திருமானூர்ப் பக்கத்து வயல்களில் எங்கள் ஆராய்ச்சிக்கு எலி பிடித்துக் கொடுத்தவர் ஒரு பெண். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை. வலது கட்டைவிரல் நகம் மட்டும் நீளம். கூண்டு வைக்கும் முன் ஒரு நெல்மணியை அந்த நகத்தால் நசுக்கிப் பார்ப்பார். எதற்கென்று நான் கேட்டதில்லை.

இளம் பெட்டை எலிகளின் ரத்தத்தில் பருவமடைவதற்கான ஹார்மோன் ஏறுகிறதா என்று வாராவாரம் பார்த்து வந்தேன். ஏறவே இல்லை. ரத்தம் சோதிக்கும் மிஷின் கெட்டுவிட்டதோ என்று ஒருநாள் அவரிடம் புலம்பினேன்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கும் சார். குட்டிங்க இன்னும் ஆளாகல. நெல்லு பால் புடிக்கட்டும், அப்பறம் பாருங்க."

பதினைந்து நாள் கழித்து, அவர் நசுக்கிய மணியிலிருந்து வெள்ளையாகப் பால் கசிந்தது. அந்த வாரம் எடுத்த ரத்தத்தில் ஹார்மோன் ஏறியிருந்தது. அந்தத் தாளோடு அவரிடம் ஓடினேன்.

"மேல கதிர்ல பால் ஏறுனது, வளைக்குள்ள கெடக்குற குட்டிக்கு எப்படிம்மா தெரியுது?"

"அதான் எனக்கும் புரியல சார். வருசா வருசம் நசுக்கிப் பாக்குறேன். வருசா வருசம் சரியா வந்துடுது."

அந்த ஹார்மோனின் பெயர் எனக்குத் தெரியும். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறேன்.